ஊதல் அண்ணனும் குடமும்

எங்கள் தீவிலுள்ள ட்ரெகேட்டி ஊரில் ஊதல் அண்ணனின் உதடு படாத பாத்திரமே கிடையாது. குடமோ பாட்டிலோ, வாயில் உதட்டை வைத்து 'ஊம்' என்று ஊதிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்காரரை நலம் விசாரிப்பார். "அண்ணன் வராரு, குடத்த உள்ள வை!" என்று பெண்கள் ஓடுவார்கள்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்து, இந்திய வம்சாவளிக்காரர்கள் பலர் தீவைவிட்டுக் கிளம்பிய வருஷம், எங்கள் அரிசி மில்லின் மெக்கானிக் சிட்னிக்குப் பறந்துவிட்டார். அண்ணனுக்கும் ஆக்லாந்து விசா வந்து, பெட்டி கட்டியாயிற்று. அந்த வாரம் பார்த்து அடைமழை. ஊர் நெல் முழுக்க ஈரமாக மில்லில் குவிந்தது. உலர்த்தும் இயந்திரத்தில் தீயைக் கூட்டினால், தீ எரியும் இரும்பு உருளை பேய் பிடித்ததுபோல் ஊளையிட்டு ஆடும், தீ அணைந்துவிடும். குறைத்தால் நெல் காயாது. மூட்டைக்குள் முளை தலைகாட்டியது.

ஊளைச் சத்தத்தின் சூட்சுமம் தெரிந்தவர் அவர்தானே என்று, மில் குமாஸ்தாவான நான் அண்ணனிடம் ஓடினேன்.

"அரே பையா, உள்ள காத்து ஊஞ்சலாடுது. தீ அத நேரம் பாத்துத் தள்ளுது. ஆட்டம் ஏறாம என்ன பண்ணும்? அதே சுருதியில ஒரு குடத்த பக்கத்துல மாட்டினா, அது ஆட்டத்த முழுங்கிடும்" என்றார்.

ஊரையே ஊதினார். ஒன்றும் பொருந்தவில்லை. பொருந்திய ஒரே குடம், அவர் மனைவி ரத்னம்மா அக்காவின் பெட்டிக்குள் புடவை சுற்றிப் படுத்திருந்தது.

"எங்கம்மா குடுத்த பித்தளைக் குடம்யா! எடுக்கறதுன்னா என்னையும் சேத்து அங்கேயே மாட்டு!"

அண்ணன் குடத்தைப் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தார். ஊதாமல் அவர் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை அக்காவே மில்லுக்கு வந்தார். மூட்டைக்குள் கைவிட்டு, முளைவிட்ட நெல்லை அள்ளிப் பார்த்தார். போய்க் குடத்தோடு திரும்பினார். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். "ம், இப்ப மாட்டு!"

உருளையில் துளைபோட்டு, குடத்தின் வாயை அதோடு பற்றவைத்தார் அண்ணன். தீயை முழுக்கக் கூட்டினோம். சத்தமே இல்லை.

"அணைஞ்சுபோச்சா?" என்றேன். எட்டிப் பார்த்தால் தீ ஜகஜோதியாக எரிகிறது. அக்கா கைதட்ட, அண்ணன் பாத்திரம் கிடைக்காமல் என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி ஊதினார். ஊர் நெல் பிழைத்தது.

சனிக்கிழமை விமானம் ஏறிவிட்டார்கள், குடம் இல்லாமல். தீபாவளிக்குத் தீபாவளி போன் வரும். "கொடம் சொகமா?" என்பார் அக்கா. என்னை விசாரிப்பது அதற்கப்புறம்தான்.

குடம் தேய்ப்பது குமாஸ்தா வேலை இல்லை. ஆனாலும் இயந்திரம் ஓயும் ஞாயிறுகளில் புளி போட்டுத் தேய்க்கிறேன். என்றைக்காவது திரும்பி வந்தால், அது கறுத்துப்போய்க் கிடப்பதை அவர்கள் பார்க்கக் கூடாது.