நான் தத்தெடுத்த டிரைவர்

ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை மாமா. அது டிரைவர். லாரி டிரைவர் இல்லை, பஸ் டிரைவரும் இல்லை. அதற்கு மூக்கு, முழி, கை, கால் ஒன்றுமே கிடையாது. ஆகையால் “யாரு சாயல்?” என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதுதான் பதில். “அம்மாக்காரி யாரு?” என்று மூன்றாவதாகக் கேட்டிருக்கிறீர்கள். இத்தனை வருஷம் அதை வளர்த்தது ஜெர்மனியில் ஒரு பெரியவர். அவருக்குத் தாடி இருக்கிறது. காகிதத்தைக் கசக்காமல் மேலே படியுங்கள்.

முதலில் பதில் சொல்லிவிட்டேன், இனி மரியாதை. “மாமனுக்கு எழுதறப்ப முறையா எழுதுடா” என்று அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதால்: ஹனூரில் மஞ்சளும் மக்காச்சோளமும் விளைவித்து, சுற்றுவட்டாரப் பஞ்சாயத்தெல்லாம் தீர்த்துவைத்து, என் தாயாருக்கு உடன்பிறப்பாகவும் எனக்கு மாமாவாகவும் விளங்கும் உயர்திரு கரியப்பன் அவர்களின் சமூகத்துக்கு, மைசூர் மேட்டகள்ளி லைன் வீட்டிலிருந்து மருமகன் கவின்ராஜ் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீங்களும் பசம்மா அத்தையும் வினிதாவும் எருமையும் போர்வெல்லும் குறைவின்றி இருக்க மாதேஸ்வரன் காப்பாற்றட்டும்.

அம்மா சமையல்கட்டுக்குப் போயிட்டாங்க. இனி நம்ம பாஷைக்கு வந்துடறேன்.

போன்ல சொல்லலாம்னு பாத்தா, என் குரலைக் கேட்டதும் கட் பண்றீங்க. வினிதா நம்பருக்குப் போட்டா அதையும் நீங்களே எடுத்து கட் பண்றீங்க. “வாயில சொன்னா அவன் மாத்திப் பேசுவான், எழுதிக் குடுக்கச் சொல்லு”ன்னு அம்மாகிட்ட சொன்னீங்களாம். சொன்னதோட விட்டீங்களா? “காலேஜை முடிக்கல, அதுக்குள்ள கொழந்தைய முடிச்சுட்டானா?”ன்னு வேற கேட்டீங்களாம். நல்லா இருந்தது மாமா. நானே சிரிச்சுட்டேன். அம்மா சிரிக்கல.

டிரைவர்னா என்னன்னு புரிய நீங்க பாலாறு செக்போஸ்ட்டை நெனைச்சுக்கணும். தை மாசத்துல மேட்டூர் லாரி ஒண்ணு அங்க வந்து மாட்டிக்கிச்சே, பாரஸ்ட் கார்டு கன்னடத்துல கத்தறார், லாரிக்காரன் தமிழ்ல கத்தறான், ஒருத்தர் சொல்றது ஒருத்தருக்கு வெளங்கல, நீங்க நடுவுல போய் அவர்கிட்ட ஒரு விதமா இவன்கிட்ட ஒரு விதமா பேசி, ரெண்டு பேரும் சொன்ன கெட்ட வார்த்தைய எல்லாம் நீங்களே முழுங்கிட்டு, கேட்டைத் தொறக்க வெச்சீங்களே? அந்த நடு ஆளுதான் டிரைவர். கம்ப்யூட்டருக்குள்ள கெர்னல்னு ஒருத்தர், பாரஸ்ட் கார்டு மாதிரி, அவரைக் கேக்காம ஒரு இலை அசையாது. டிஸ்க்குனு ஒண்ணு, சரக்கெல்லாம் அதுலதான் இருக்கு, ஆனா அதுக்கு அதோட பாஷை மட்டுந்தான் தெரியும். ரெண்டுக்கும் நடுவுல நின்னு பேசறதுக்கு ஆளுங்க எழுதி வெச்ச புரோகிராம் மாமா அது. வெறும் எழுத்து. அதைத்தான் நான் எடுத்துக்கிட்டேன்.

எதுக்கு எடுத்தேன்னா, நான் வேலை பாக்கற கம்ப்யூட்டர் கடைக்கு ஒரு பழைய சர்வர் வந்தது, ரிப்பேர் பாக்க ரூமுக்கே தூக்கிட்டு வந்துட்டேன். அதுல ஒரு டிஸ்க் கார்டு, அது எனக்கு ஒத்துழைக்கவே மாட்டேன்னுது. சரி, இதோட டிரைவரைப் பத்தி எழுதி வெச்சிருப்பாங்களேன்னு அந்தக் குறிப்பைத் தொறந்து படிச்சா, டிஸ்க் முழிக்க அஞ்சு செகண்டு பொறுக்கணும்னு போட்டிருக்கு. உள்ள புரோகிராமைப் போய்ப் பாத்தா முப்பது செகண்டு பொறுக்குது. எழுதினது எருமைன்னு, கொட்டாய்ல நிக்கறது ஆடு. நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, “உங்க குறிப்பு தப்பு, இதோ சரியானது”ன்னு திருத்தி, உலகத்துல இருக்கற அத்தனை பேரும் படிக்கற லிஸ்ட்டுக்கு மெயில் போட்டேன். மூணு பேர் திட்டினாங்க. நான் எழுதினது தப்புன்னு இல்ல, வரியோட கடைசியில ஒரு இடம் காலியா விட்டுட்டேனாம், அதுக்கு. நாலாவதா வந்தவர்தான் அந்தத் தாடிக்காரர். “ரொம்ப சந்தோஷம், எனக்கு வயசாச்சு, நான் இதை விட்டுட்டேன், நீயே பாத்துக்கறியா?”ன்னு கேட்டார். வேலிக்கல்லை நேரா வெச்சவன் தலையில காட்டையே எழுதி வெச்ச மாதிரி! நானும் தலையாட்டிட்டேன். யாரும் கவனிக்க ஆள் இல்லாத டிரைவருக்கு நேரா அனாதைன்னு எழுதி வெக்கறது அங்க வழக்கம். இங்கிலீஷ்ல. நான் வெச்ச பேர் இல்ல மாமா, சத்தியமா.

அன்னிக்கு என் பேரு அதுல ஏறினதும் எனக்குத் தலைகால் புரியல. அம்மா கார்மெண்ட்ஸ் ஷிப்ட் முடிஞ்சு வந்து மிக்சியில தேங்காய் அரைச்சுட்டு இருந்தாங்க. நான் மிக்சிக்கு மேல கத்தினேன், “அம்மா, ஒரு அனாதைய எடுத்துக்கிட்டேன், இனி எம்பேர்லதான் இருக்கும்!” மிக்சி நின்னுது.

“எங்கடா வெச்சிருக்க?”

“ரூம்லதான். பொட்டிக்குள்ள.”

“பொட்டிக்குள்ளயா? பாவி, மூச்சு முட்டாது?”

“ரெண்டு ஃபேன் ஓடுதும்மா.”

அம்மா ஓடி வந்து பாத்தாங்க, பொட்டியத் தொறந்தாங்க, வெளங்கிடுச்சு, கரண்டியால ரெண்டு போட்டாங்க, அதோட எங்க வீட்ல விஷயம் முடிஞ்சுது. ஆனா லைன் வீட்ல செவுரு எவ்வளவு மொத்தம்னு உங்களுக்குத் தெரியுமே. பக்கத்து வீட்டு ரங்கம்மா ஆன்ட்டி ஃபேன் வரைக்கும் கேட்டுட்டாங்க. கரண்டி சத்தத்தையும் கேட்டுட்டாங்க. அடி விழுந்தது எனக்குன்னு அவங்களுக்கு யார் சொல்றது?

மறுநாள் நான் யுவன்கூட போன்ல பேசிட்டு இருந்தேன். யுவன் கோயமுத்தூர்ல இருக்கான், அவன்கிட்டயும் அதே கார்டு இருக்கு, நான் மாத்தி எழுதறதை அவன் ஓட்டிப் பாத்துச் சொல்வான். கம்ப்யூட்டரைத் தூங்க வெச்சு எழுப்பறப்ப டிஸ்க்கு எந்திரிக்கல, அதுதான் பிரச்சனை. நான் என்ன சொன்னேன்னு அப்படியே எழுதறேன், நீங்களே நியாயம் சொல்லுங்க: “தூங்க வெச்சா சமத்தா தூங்குதுடா. எழுப்பினாத்தான் எந்திரிக்க மாட்டேங்குது. ஒரு தட்டு தட்டிப் பாரு. இல்லன்னா பலமா ஒண்ணு போடு. மூணு தடவைக்கு மேல அசையலன்னா செத்துருச்சுன்னு எழுதிட்டு வேற வேலையப் பாரு.” டிரைவர்ல இப்படித்தான் எழுதணும் மாமா, இதுதான் முறை, செத்த டிஸ்க்குக்காக முழு மிஷினும் காத்துக் கெடக்கக் கூடாது.

கதவு படார்னு தொறந்துச்சு. ரங்கம்மா ஆன்ட்டி, கையில வசம்பு, கண்ணுல தண்ணி. “அய்யோ தேவரே! மகு எல்லப்பா?”

“மகுவும் இல்ல, கொழந்தையும் இல்ல ஆன்ட்டி, டிரைவர்!”

“டிரைவர் மகுனா?” அப்படின்னு நெஞ்சுல கை வெச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. டிரைவரோட கொழந்தைன்னு புரிஞ்சுக்கிட்டாங்க மாமா. யாரோ ஒரு டிரைவர் பெத்துப் போட்டுட்டு ஓடிட்டான், நான் வளக்கறேன். நான் வெளக்கம் சொல்லச் சொல்ல அவங்க என் தலையத் தடவி, “தர்மவந்தா”ங்கறாங்க. கொள்ளேகால்ல அவங்க தங்கச்சி இருக்காங்க, அந்தத் தங்கச்சி வீட்டுக்காரர் ஹனூர் சந்தைக்கு வர்றவர். உங்க காதுக்கு எந்த ரூட்ல வந்துச்சுன்னு இப்பத் தெரியுதா?

அத்தோட நின்னுச்சா? அங்கன்வாடி சுலோசனா மேடம் கொழந்தை எடை பாக்கற தராசைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க. “பாக்காம போக மாட்டேன்”னாங்க. பொட்டியக் காட்டினேன். குனிஞ்சு பாத்தாங்க, உள்ள பச்சை லைட்டு மின்னி மின்னி எரியுது. “முழி நல்லாத்தான் இருக்கு. தடுப்பூசி போட்டாச்சா?”ன்னு கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நல்ல மனுஷி, ஒரே நிமிஷத்துல புரிஞ்சுக்கிட்டாங்க, அம்மா போட்ட காப்பியக் குடிச்சாங்க. அந்த நேரம் பாத்து மழை. “தராசு இங்கயே இருக்கட்டும், வெயில் வந்ததும் எடுத்துக்கறேன்”னு வெச்சுட்டுப் போயிட்டாங்க. அவ்வளவுதான். கொழந்தை இல்லாத வீட்ல கொழந்தைத் தராசு எதுக்குன்னு மொத்த லைனும் கேக்குது. நீங்க அனுப்பி வெச்ச ஆளு சந்தேகமா வந்து ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாராமே? அவர் பாத்தது அந்தத் தராசைத்தான்.

இப்ப மெயின் விஷயத்துக்கு வர்றேன். எனக்கும் வினிதாவுக்கும் ஆவணியில கல்யாணம்னு பேசி வெச்சதை நிறுத்திட்டீங்க. அது போகட்டும்னா, அந்தக் கோவத்துல, “இவன் இல்லன்னா எம்பொண்ணுக்கு என்ன கொறை? அவ பெங்களூருக்கே போய் சம்பாதிக்கட்டும்”னு, அந்த ஆஸ்பத்திரி லேப் வேலைக்குச் சரின்னு தலையாட்டிட்டீங்களாம். ரெண்டு வருஷமா அவ கேட்டு, அழுது, சோறு திங்காம கெடந்து, நீங்க அசையாத வேலை மாமா அது! திங்கக்கிழமை சேரணுமாம், பொட்டி கட்டிட்டாளாம். என்ன அவசரம்? இந்த லெட்டரைப் படிச்சதும் அவ பொட்டியப் பிரிக்கச் சொல்லுங்க, அய்யரைக் கூப்பிடுங்க, நாளைக் குறிங்க. கொழந்தையும் இல்ல குட்டியும் இல்ல. எனக்கு வினிதாவை ரொம்பப் பிடிக்கும், இதை நேர்ல சொல்ல வராது, எழுத்துல வருது. அவளுக்கு என்னைப் பிடிக்குமான்னு கேட்டா, என்னைப் பாத்தாலே சிரிப்பா. எதுக்குச் சிரிக்கறான்னு கேட்டதில்ல. கல்யாணத்துக்கு அப்புறம் கேட்டுக்கலாம்னு இருக்கேன்.

அம்மா திரும்பி வந்துட்டாங்க. ஆகவே, தாங்கள் சினம் தணிந்து, இச்சிறியவனைப் பொறுத்தருளி, தடைப்பட்ட சுபகாரியத்தைத் தொடங்கிவைக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். அத்தைக்கு என் நமஸ்காரம். வினிதாவுக்கு என் விசாரிப்பு. தங்கள் பாதம் பணியும் மருமகன், கவின்ராஜ். எங்கள் வேலை வழக்கப்படி, மேலே கண்டதைச் சோதித்துப் பார்த்தவர்: உமாதேவி, என் அம்மா.

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதினது முழுக்க வாபஸ். எங்க வேலையில ஒரு வழக்கம், ஒரு தடவை எழுதிச் சேத்ததைக் கிழிக்கக் கூடாது, அடிக்கவும் கூடாது. தப்புன்னா அதுக்குக் கீழயே “மேலே உள்ளதைத் திருப்பி எடுத்துக்கறேன்”னு எழுதி, காரணத்தையும் எழுதணும். காரணம்: இப்ப ஒரு போன் வந்துச்சு. வினிதா இல்ல. வினிதா போன் உங்ககிட்ட இருக்கு, அவ எப்படிப் பண்ணுவா? வேற யாரோ ஒரு பொண்ணு, ராங் நம்பர். “லெட்டர் எழுதறியாமே? கட்டின பொட்டியப் பிரிக்க வெச்சீன்னா ஜென்மத்துக்கும் உங்கூடப் பேச மாட்டேன்”னு சொல்லிச்சு. என்ன பொட்டி, எந்த ஊருப் பொட்டின்னு எனக்குத் தெரியாது. நல்ல குரல். கடைசியில சிரிச்சுச்சு.

அதனால உண்மையச் சொல்லிடறேன். கொழந்தை இருக்கு. பையன். நல்ல கனம். இப்படிப்பட்டவனுக்கு யாராவது பொண்ணு குடுப்பாங்களா? நீங்க செஞ்சதுதான் சரி. திங்கக்கிழமை நீங்களே கூட வந்து வினிதாவை பெங்களூர் பஸ்ல ஏத்தி விடுங்க, கைச்செலவுக்குக் குடுங்க, மொகத்தை உர்ருன்னு வெச்சுக்காதீங்க. ஒரு வருஷம் போகட்டும். அதுக்குள்ள பையனைத் தத்துக் கேட்டு நல்ல எடம் ஏதாவது வந்தா நான் எழுதறேன், மத்ததை அப்பப் பேசிக்கலாம், அதுவும் அவ சரின்னா. இனி எழுத முடியாது, போகணும் மாமா, பையன் அழுகறான்.