தியரி மேடமும் பள்ளிப்பட்டு பாவாவும்

முருகனே கோபம் தணிந்து உட்கார்ந்த ஊரில், கடைசிவரை தணியாதவர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் தியரி மேடம்தான்.

டயர் கடைக்கு மேலிருந்த சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தார். ஒரு வரி புரோகிராம் எழுதுவதற்குள் சுவர் முழுக்கக் கணக்குப் போட்டு நிரூபிப்பார். டீ வாங்கப் போனால், வரிசை ஏன் நகரவில்லை என்று மாஸ்டருக்கு விளக்கிவிட்டு டீ இல்லாமல் திரும்புவார்.

மலையடிவார லாட்ஜ் ஒன்றுக்கு, போனிலேயே அறை பிடிக்கும் ஆப் செய்தோம்.

"ரெண்டு பேர் ஒரே நேரத்துல அமுக்குனா, ஒரே ரூம் ரெண்டு பேருக்கும் போயிடும் சார்" என்றார் மேடம்.

"அதெல்லாம் புஸ்தகத்துலதாம்மா நடக்கும்" என்றார் முதலாளி.

"ஆங். ஆடிக் கிருத்திகைக்கு வர்றவங்கல்லாம் அந்தப் புஸ்தகத்தப் படிச்சிகினுதான் வருவாங்க. இத நான் வெளிய விடமாட்டேன்."

முதலாளியே வெளியிட்டார். கிருத்திகையன்று காலை, ஒரே அறை வாசலில் இரண்டு குடும்பங்கள், இரண்டு காவடிகள். சித்தூர்க்காரர்கள் தெலுங்கிலும் கனகம்மாசத்திரத்துக்காரர்கள் தமிழிலும் சண்டை போட, லாட்ஜ் மேனேஜர் இரண்டு மொழியிலும் திட்டு வாங்கினார்.

மேடம் உடனே திருத்தினார். ஒருவர் ஓர் அறையைத் தொட்டால், அவர் முடிக்கும்வரை மற்றவர்களுக்கு அது கிடைக்காது. சுவரில் நிரூபணம் கச்சிதம். மதியத்துக்குள் மேனேஜர் மறுபடி போன் செய்தார்.

"ரூம்லாம் காலியாத்தான் கீதுங்க. ஆனா யாருக்கும் குடுக்க முடியல. தொட்டவங்க அப்படியே விட்டுட்டு மலைக்குப் போயிட்டாங்க."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். மேடம் நேராக லாட்ஜுக்கு நடந்தார். மாலைவரை கவுன்டர் பக்கத்தில் உட்கார்ந்து, ஜனங்கள் அறை பிடிப்பதைப் பார்த்தார். திரும்பி வந்து ஒரு கெடு வைத்தார். அதற்குள் முடிக்காவிட்டால் அறை அடுத்தவருக்குப் போய்விடும்.

"இவ்ளோ நேரம்னு எப்படிம்மா முடிவு பண்ண?" என்றார் முதலாளி.

"ஒருத்தர் ரூமத் தொட்டுட்டு, பள்ளிப்பட்டுல இருக்கற பாவாவுக்கு, அதாங்க அக்கா புருஷனுக்கு, போன் போட்டு, வரீங்களா இல்லியான்னு கேட்டு முடிச்சாரு. அதாங்க அளவு."

"அப்போ தியரி தோத்துச்சுன்னு ஒத்துக்க."

"ஒத்துக்கமாட்டேன் சார். ஒரே ரூமுக்கு ரெண்டு குடும்பம் வராதுன்னு அது சொல்லுச்சு, வரல. பாவா எவ்ளோ நேரம் பேசுவாருன்னு அது சொல்லவே இல்லியே. அதுக்குத்தான் நான் நடந்து போனேன். நீங்க அதையும் நம்பல, அங்கயும் போவல."

அடுத்த ஆப்பையும் சோதிக்காமல் வெளியிட முதலாளி சொன்னபோது, முடியாது என்று மேடம் வேலையை விட்டார். சென்னைக்கு மின்சார ரயில் ஏறிய அன்று, போக வேண்டாம் என்று சண்டை போட்டுக்கொண்டே நானும் வழியிலுள்ள மணவூர் ஸ்டேஷன் வரை கூடப் போனேன்.

மணவூரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.