நாக்கால் புரை எடுத்த நேத்திரசாமி

ஞாயிற்றுக்கிழமை பேரிகை ஊரில் வேன் நிறுத்த இடமில்லை. ஓசூரிலிருந்து நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள், மாலூரிலிருந்து கன்னட பக்தர்கள், தேன்கனிக்கோட்டையிலிருந்து ராகி வயலை யானைகளிடம் ஒப்படைத்துவிட்டு வந்த விவசாயிகள்! எல்லோருக்கும் ஒரே ஆசை: நேத்திரசாமியின் நாக்கு தங்கள் கண்ணில் படவேண்டும்.

ஆம், நாக்குதான். சாமி இமையை விரிப்பார். நாக்கால் ஒரு துழாவு. உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு செதிலைத் துப்புவார். "புரை வந்துருச்சு!" கூட்டம் மேளமில்லாமலே ஆடும். கத்தி இல்லை, தையல் இல்லை. சாமிக்குப் பல் துலக்கும் பழக்கமும் இல்லை.

வரிசையில் மத்திகிரி கெம்பம்மா நின்றாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை சௌமியா. இரண்டு கண்மணியும் வெளுத்திருந்தன. பாலில் இருக்கும் சர்க்கரையை உடம்பு ஏற்காத அரிய நோய், அதனால்தான் இந்தப் புரை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் காலை ஆபரேஷன். தள்ளிப்போட்டால் பார்வை வளரவே வளராது.

சீடன் ஒரு டம்ளரை நீட்டினான். "மந்திரிச்ச பாலு. கொழந்தைக்குக் குடு."

கெம்பம்மா வாங்கிவிட்டாள். பக்கத்து வீட்டு ஆஞ்சப்பன் டம்ளரின் வாயைக் கையால் மூடினார். கம்பெனியில் இரும்பைத் தேய்க்கும் கிரைண்டிங் வேலை அவருக்கு. இவளைத் தடுக்க முடியாமல் கூடவே வந்தவர்.

"டாக்டர் எதைத் தொடவே கூடாதுன்னாரு?"

"கத்தின்னா பயமா இருக்குதுண்ணா."

"சரிம்மா. மொதல்ல எனக்கு எடுக்கட்டும். அப்புறம் நீ காட்டு."

ஆஞ்சப்பன் இடது கண்ணைக் காட்டினார்.

"அண்ணா, அது..." என்றாள் கெம்பம்மா. அவர் வலது கண்ணைச் சிமிட்டினார்.

"அடடா, பன்னெண்டு வருசத்துப் புரை!" என்றார் சாமி. துழாவினார். துப்பினார். கூட்டம் ஆடியது. "இப்ப தெரியுதா?"

"இல்லீங்களே சாமி. கிட்டக்க வச்சுப் பாருங்க."

ஆஞ்சப்பன் கண்ணைக் கழற்றிச் சாமியின் உள்ளங்கையில் வைத்தார்.

"பொறி பட்டு என் கண்ணு போயிருச்சு சாமி. இது செயற்கைக் கண்ணு. வாங்கியே மூணு வருசந்தான். இதுல எப்புடி பன்னெண்டு வருசத்துப் புரை?"

சாமியின் வாய் திறந்தது, மூடவில்லை. உள்ளிருந்து மேலும் நான்கு புரைகள் தாடியில் உதிர்ந்தன.

முன்வரிசையில் நின்ற சம்பங்கி என்ற பெண் ஒன்றை எடுத்து மோந்தாள். "ஏய், இது பூண்டுத் தோலு!"

கெம்பம்மா டம்ளரைப் பார்த்தாள். பிறகு சாமியின் தலையில் நிதானமாகப் பாலாபிஷேகம் செய்துவிட்டு ஓசூர் பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரமாயிற்று. சௌமியா முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடியோடு, எதைப் பார்த்தாலும் சிரிக்கிறாள். ஆஞ்சப்பனின் மீசை என்றால் எட்டிப் பிடித்து இழுக்கிறாள்.

சாமி ஊர் மாறிவிட்டார். நாளை உங்கள் ஊருக்கும் வரலாம். கண்ணைத் திற என்பார். முதலில் அவரை வாயைத் திறக்கச் சொல்லுங்கள்.