காதர் பாய் பார்க்க வந்த நாய்

பொய் சொல்லிப் பிழைக்க நினைப்பவர்கள் நாயைப் பற்றி மட்டும் சொல்லக் கூடாது. ஊரில் இருக்கும் சொத்தைப் பற்றிச் சொல்லலாம், நடுவில் கடல் இருக்கிறது. கடவுளைப் பற்றிக் கூடச் சொல்லலாம், யாரும் உடனே போய்ப் பார்த்துவிட்டு வர மாட்டார்கள். (நான் பூசைக்குத் தவறாமல் போகிற கத்தோலிக்கன். இந்த வரி எங்கள் பங்குச் சாமியார் கண்ணில் படாமல் இருந்தால் நல்லது.) நாய் அப்படியில்லை. என்றைக்காவது ஒருவர் வாசலில் வந்து நின்று, "எங்கே, காட்டு" என்பார்.

மலாயாவில் ரப்பர் விலை விழுந்து ஜொகூரே மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்த காலம். நான் தம்போயில் ஓர் அன்னாசித் தொழிற்சாலையில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். நான் இல்லாவிட்டால் தொழிற்சாலையே நின்றுவிடும் என்றுதான் ஊரில் என் அம்மா நம்பிக்கொண்டிருந்தார். உண்மையில், டின்களில் ஒட்டிய காகிதம் கோணலாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. பாதி நாள் அதையும் சரியாகப் பார்க்க மாட்டேன்.

தொழிற்சாலைக்குப் பின்னால் அன்னாசித் தோலைக் கொட்டும் பள்ளம் ஒன்று இருந்தது. வெயிலில் தோல் புளித்து நுரைத்துக் கிடக்கும், பக்கத்தில் போனாலே தலை சுற்றும். ஒருநாள் மதியம் அதற்குள்ளிருந்து யாரோ அழுவது போலச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கழுத்தளவு தோலுக்குள் ஒரு நாய் தத்தளித்துக்கொண்டிருந்தது. காப்பாற்ற இறங்கினேன். இறங்குவது எளிதாகத்தான் இருந்தது, ஏனென்றால் வழுக்கி விழுந்தேன். புளித்த சாற்றைக் குடித்துக் குடித்து அந்த நாய்க்கு நல்ல போதை. தன்னை மீட்க ஆள் வந்திருப்பதாக அது நினைக்கவே இல்லை, கூடக் குடிக்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் என் முகத்தை நக்கியது. பழம் சீவும் பெண்கள் ஏணி போட்டு எங்கள் இருவரையும் வெளியே எடுத்தார்கள். முதலாளியான சீனத் தவுக்கே என்னை மோந்து பார்த்துவிட்டு, பட்டப்பகலில் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறாயா என்று திட்டினார்.

அன்றே அது என்னோடு வந்துவிட்டது. மலாய்க்காரர்கள் அன்னாசியை 'நெனாஸ்' என்பார்கள். அதையே பெயராக வைத்தேன். பூனையைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, பாதிக் காது ஒன்று, முழுக் காது ஒன்று. அழகு என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மாலையில் நான் திரும்பி வரும்போது, நான் ஏதோ போரில் வென்று வருகிறவன் போல அது துள்ளுகிற துள்ளலை வேறு எந்த உயிரும் எனக்காகத் துள்ளியதில்லை. தொழிலாளர்கள் தங்கும் கொங்சியில் எனக்கு இருந்தது ஒரே அறை. அதில் பாய் அதற்கு, தரை எனக்கு என்று ஆகிவிட்டது.

அதற்குச் சாப்பாடு வேண்டுமே. எங்கள் தெருவில் காதர் பாயின் சோற்றுக்கடை இருந்தது. கடலோர ஊரிலிருந்து வந்து தன் கையால் அடுப்பு மூட்டி முன்னுக்கு வந்தவர். கோயில், பள்ளிவாசல், மாதா கோவில், சங்கம் என்று யார் ரசீதுப் புத்தகத்தோடு வந்தாலும், படியேறும் முன்பே "வசூலா? அடுத்த கடை!" என்பார். ஆனால் வாயில்லா ஜீவன் என்றால் மனம் இளகிவிடும். அவர் கடைப் பூனைகள் நடக்கச் சிரமப்படும் அளவுக்குப் பருத்திருந்தன. நான் ஒரு தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"நாங்க நாயத் தொடுறதில்ல தம்பி. அதுக்காக அது பட்டினி கிடக்கணும்னு இருக்கா என்ன? தகரத்தக் கீழ வை" என்று சொல்லி, பானை அடியில் ஒட்டிய சோறும் எலும்புமாகப் போட்டுக் கொடுத்தார்.

சில வாரம் எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு நெனாஸ் சாயங்காலச் சாப்பாட்டைத் தொடாமல் எங்கோ ஓட ஆரம்பித்தது. திரும்பி வரும்போது வயிறு நிறைந்த முகம். எனக்கு வந்த பொறாமையைச் சொன்னால் சிரிப்பீர்கள். யாரோ என் நாயை மயக்குகிறார்கள் என்று முடிவு கட்டி, குடையை எடுத்துக்கொண்டு (மழை இல்லை, அடிப்பதற்கு) அதைப் பின்தொடர்ந்தேன். கொங்சிக்குப் பின்னால் செம்மண் பாதை முடிகிற இடத்தில் கைவிடப்பட்ட ஒரு ரப்பர் கொட்டகை. அதற்குள் ஓர் அம்மாவும், காய்ச்சலில் சுருண்டு கிடக்கும் அவர் கணவரும், இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். கணவரின் காலடியில் என் நாய் ராஜா மாதிரிப் படுத்திருந்தது.

"யாரக் கேட்டு என் நாய்க்குச் சாப்பாடு போடுறீங்க?" என்று குடையை நீட்டினேன்.

அந்த அம்மா எழுந்து நின்றார். வீராயி என்று பெயர். சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் ஆள் குறைத்தபோது வெளியேற்றப்பட்டு, ஊருக்குக் கப்பலேற வழி தேடி ஜொகூர் பாருவை நோக்கி நடந்தவர்கள், கணவருக்குக் காய்ச்சல் கண்டதும் இங்கே ஒதுங்கியிருந்தார்கள்.

"உங்க நாயிங்களா சார்? கோவிச்சுக்காதீங்க. பசியோட பாக்குற மாதிரி இருந்துச்சு. அவிச்ச மரவள்ளிக் கிழங்குல கொஞ்சம் போட்டேன். வேற ஒண்ணும் இல்லீங்க, எங்ககிட்டயும் அதான் இருக்கு" என்றார்.

என் நாய் பசியோடு பார்த்ததாம்! ஆட்டெலும்பையே தொடாமல் விட்டுவிட்டுப் போன நாய்! இல்லாத வீட்டில் அது பங்கு கேட்டிருக்கிறது, அவர்களும் கொடுத்திருக்கிறார்கள். குடையைத் தாழ்த்தி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். நெனாஸ் வாலை ஆட்டியது.

மறுநாள் காதர் பாயிடம் அவர்களுக்காகக் கேட்கத்தான் போனேன். அந்த நேரம் பார்த்து ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு வந்து, "அடுத்த கடை!" வாங்கிக்கொண்டு போனார். என் வாயில் "நாய்க்கு... இன்னொரு தகரம்" என்றுதான் வந்தது.

"என்ன தம்பி, திடீர்னு ரெண்டு?"

"நல்லா வளருது பாய்."

எலும்பை நெனாஸுக்கு ஒதுக்கிவிட்டு, சோற்றைக் கொட்டகைக்குக் கொண்டு போனேன். யார் கொடுத்தது என்று வீராயி கேட்டபோது, "காதர் பாய்னு ஒருத்தர், உங்களுக்குன்னே சமைச்சுக் கொடுத்தார்" என்றேன். ஆக, கடையில் ஒரு பொய், கொட்டகையில் ஒரு பொய். இரண்டுக்கும் நடுவில் நான் தகரம் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

செய்தி பரவி, கொட்டகைக்கு இன்னும் சில குடும்பங்கள் வந்து சேர்ந்தன. தகரம் போய் வாளி வந்தது.

"இது நாயா, கன்னுக்குட்டியா?" என்றார் பாய்.

"சீமை நாய் பாய். கப்பலேறிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் விட்டுட்டுப் போனது. எழுந்து நின்னா என் தோள் வரைக்கும் வரும்."

வாளி இரண்டானபோது இன்னும் பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. "குட்டி போட்டிருக்கு பாய், நிறைய" என்றேன். (நெனாஸ் ஆண் நாய். அந்த நேரத்தில் அது ஒரு தடையாக எனக்குத் தோன்றவில்லை.)

பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. தன் சோற்றில் வளரும் சீமை நாயைப் பற்றிச் சாப்பிட வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். சொல்லச் சொல்ல நாய் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தேன். கொங்சி வாசலில் திருவிழாக் கூட்டம். நடுவில் ஒரு மாட்டு வண்டி. அதன் மேல் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகக் காதர் பாய், கையில் காளையைக் கட்டுகிற தடித்த கயிறு. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு மலாய்ப் போலீஸ்காரர் தடியோடு நின்றார்.

"வா தம்பி! கடையில கோழி திருடு போகுது. உன் நாய ஒரு வாரம் என் வாசல்ல கட்டிப் போடு. இல்லாட்டி குட்டியில ஒண்ணு குடு" என்றார் பாய்.

"அது... தூங்குது பாய்."

"எழுப்பு."

"எழுப்பினா கடிக்கும்!"

கூட்டம் மளமளவென்று பின்வாங்கியது. நல்ல யோசனை என்று நான் மகிழ்ந்த நேரத்தில், போலீஸ்காரர் தனக்குத் தெரிந்த தமிழில், "கடி நாயா? பெரிய நாய், கடி நாய், பஹாயா லா, ஆபத்து! ஸ்டேஷன் போய் துப்பாக்கி கொண்டு வருவேன்" என்றார்.

என் உயிரே போய்விட்டது. "ஐயோ, கடிக்காது! அதுக்குப் பல்லே இல்ல!" என்று கத்தினேன்.

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பல்லில்லாத நாய்க்கா தம்பி இத்தன எலும்பு?"

அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, என் அறைக் கதவை மூக்கால் தள்ளிக்கொண்டு நெனாஸ் வெளியே வந்து சோம்பல் முறித்தது.

"குட்டி அழகா இருக்கு. தாய் எங்க?" என்று யாரோ கேட்டார்கள். இரண்டு பேர் என் அறைக்குள் தலையை விட்டுத் தேடினார்கள். நெனாஸ் எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, நிதானமாக நடந்து போய், வண்டிச் சக்கரத்தருகே நின்று ஒரு காலைத் தூக்கியது. குட்டிகளைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது.

"அலமாக்!" என்று வியந்தார் போலீஸ்காரர்.

பாய் வாயைத் திறந்தார். அதற்குள் நெனாஸுக்கு அவர் சட்டையிலிருந்து குருமா வாசனை அடித்துவிட்டது. இத்தனை நாளும் எலும்பு அனுப்பிய வள்ளல் இவர்தான் என்று அதற்குப் புரிந்திருக்க வேண்டும். நன்றி சொல்ல ஒரே தாவலாகத் தாவியது. தாவல் வண்டிக்கு எட்டவில்லை, மாடுகளின் காலுக்கு நடுவில் போய் விழுந்து குரைத்தது. மாடுகள் மிரண்டு செம்மண் பாதையில் பாய்ந்தன. வண்டிக்காரர் குதித்துவிட்டார். பாய் மட்டும் மேலே, ஒரு கையில் தொப்பி, ஒரு கையில் கயிறு. "தம்பீ! நாயப் பிடி! மாட்டப் பிடி! எதையாவது பிடிடா!" வண்டிக்குப் பின்னால் நெனாஸ், அதற்குப் பின்னால் பூசைக்குப் போன கோட்டோடு நான், எனக்குப் பின்னால் தம்போயில் வேலையில்லாதவர்கள் அத்தனை பேரும். அந்தக் காலத்தில் அது பெரிய கூட்டம்.

பாதை முடிந்த இடத்தில் மாடுகள் நின்றன. ஓட இடமில்லை. கொட்டகை வாசலில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் வரும் நேரம் அது.

வீராயி எழுந்து வந்தார். "இவங்கதான் காதர் பாயா சார்?" என்று என்னைக் கேட்டுவிட்டு, நான் தலையாட்டுவதற்குள் வண்டியைப் பார்த்துக் கும்பிட்டார். "ஐயா, நீங்க நல்லாருக்கணும். எங்களுக்குன்னு தினமும் சமைச்சு அனுப்புறீங்க. காந்தின வாடை கொஞ்சம் இருக்கும், ஆனா வயிறு நிறையுதுங்க. இவரு எழுந்து நடக்குறாருன்னா அது உங்க சோறுதான்."

பாய் மெல்ல வண்டியிலிருந்து இறங்கினார். வரிசையைப் பார்த்தார். ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்த இரண்டு வாளிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த அன்னாசிப் பள்ளம் அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் நானாகவே குதித்திருப்பேன்.

"இதானாடா உன் குட்டிங்க?"

"நீங்க வசூல்னா விரட்டுவீங்களே பாய், அதான்..." என்று இழுத்தேன்.

"ரசீதுப் புத்தகத்தோட வர்றவன விரட்டுவேன். பசியோட வந்தவன என்னிக்குடா விரட்டினேன்?" கையிலிருந்த கயிற்றைக் கீழே எறிந்தார். "பொய் சொன்னது கிடக்கட்டும். மனுசருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பானை அடியச் சுரண்டியாடா குடுத்திருப்பேன்? இந்தப் புள்ளைங்களுக்கு நாய்ச் சோத்தப் போட வச்சிட்டியேடா என்னய!"

வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். வேறெந்தத் திட்டுக்கும் நான் அழுததில்லை. வீராயி ஒன்றும் புரியாமல், பாய் ஏன் சாரைத் திட்டுகிறார் என்று என் பக்கம் பரிந்து பேசப் பார்த்தார்.

பாய் அதே வண்டியில் கடைக்குத் திரும்பினார். சாயங்காலம் அதே வண்டியில் ஓர் அண்டாச் சோறும் மீன் குழம்பும் வந்தன. அவரே நின்று அகப்பையால் அள்ளிப் போட்டார். என்னை எச்சில் தட்டு கழுவ வைத்தார். "கிராணி வேலைக்குப் போறதுக்கு முன்னாடி விறகு, வந்ததுக்கு அப்புறம் பாத்திரம். இதான் உனக்குத் தண்டன" என்றார். நெனாஸுக்குத் தூரத்தில் தனியாக ஒரு தேங்காய்ச் சிரட்டை ஒதுக்கினார். அது நக்க வரும்போதெல்லாம், "அங்கேயே நில்லுடா, உன் அன்பு எனக்குத் தெரியும்" என்பார்.

வீராயி குடும்பம் கப்பலேறிப் போன பிறகும் வேறு குடும்பங்கள் வந்தன. ரப்பர் விலை ஏறும்வரை அந்த அண்டா ஓயவில்லை. ஏறிய பிறகும், நோயாளிக்கும் வழிப்போக்கருக்கும் என்று சின்ன அண்டாவாகத் தொடர்ந்தது. பாய்க்கு வயதானதும் அகப்பை என் கைக்கு வந்தது. இன்னும் இருக்கிறது. இவ்வளவும் நான் ஏதோ தர்மசிந்தனையோடு தொடங்கியதாக இப்போது சிலர் மேடையில் பேசுகிறார்கள். நான் குடையால் அடிக்கப் போனவன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

எனக்குப் பெண் பார்த்தபோது, பெண்ணின் அப்பா ஜொகூர் பாருவிலிருந்து ரயிலேறி வந்து, பையன் எப்படி என்று நேராகக் காதர் பாயிடம் விசாரித்தார். பாய் நெடுநேரம் யோசித்தாராம். "பையன் பொய் சொல்லுவான். ஆனா தனக்காகச் சொல்ல மாட்டான்" என்றாராம். மாமனார் அதிலேயே திருப்தியாகித் தேதி குறித்துவிட்டுப் போனார்.

என் மனைவி செசிலி இந்தக் கதையை வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வாள். கடைசியில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாய் சொன்னதுல முன்பாதி உண்மைன்னு கல்யாணமான வாரமே தெரிஞ்சு போச்சு. பின்பாதியத்தான் இன்னும் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்பாள்.