பிணம் பேசக் கூடாது

"பெரியவரே, நீங்க பிணம். பிணம் பேசக் கூடாது!" காலில் விழாத குறையாகக் கெஞ்சினார் டைரக்டர் தொகாஷி.

சவப்பெட்டிக்குள் எழுந்து உட்கார்ந்து, தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார் குராமோச்சி. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். சினிமாவுக்கு உள்ளூர் ஆள் வேண்டும் என்று நகராட்சியில் கேட்டார்கள்; சும்மா படுத்திருக்கிற வேலைதானே என்று வந்துவிட்டார்.

வினை வசனத்தில் இருந்தது. மனைவியாக நடிக்கும் மிசாவோ அம்மா பெட்டியின் மேல் குனிந்து, "போயிட்டு வாங்க" என்பார். உடனே பிணம், "போயிட்டு வர்றேன்" என்றுவிடும். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவர் மனைவி யாசுயோ வாசலில் நின்று சொல்லச் சொல்ல, பதில் சொல்லிப் பழகிய வாய்.

காதில் பஞ்சு அடைத்தார்கள். மிசாவோ அம்மாவின் குரல் பஞ்சையும் தாண்டி வந்தது. காதடைத்தவர் பேச்சாயிற்றே, இவர் பதில் தெருக்கோடி வரை கேட்டது.

மூடியைப் போட்டு, முகத்துக்கு நேரே இருக்கும் சின்னக் கதவையும் சாத்தினார்கள். உள்ளேயிருந்து கிணற்றுக் குரலில் "போயிட்டு வர்றேன்" என்று வந்ததும், துக்கத்துக்கு வந்த துணை நடிகர்களில் பாதிப்பேர் வாசலுக்கு ஓடிவிட்டார்கள்.

"பெண்டாட்டியே செத்துட்டதா கதையை மாத்திக்கறேன்," என்று தலையில் கைவைத்தார் தொகாஷி. "மிசாவோ அம்மா, நீங்க படுங்க. பெரியவரே, 'போயிட்டு வா'ன்னு நீங்க சொல்லுங்க. அவ்வளவுதான்."

காலையிலிருந்து அழுது களைத்த மிசாவோ அம்மா மறுபேச்சில்லாமல் படுத்தார். குராமோச்சிக்கு வாய் வரவில்லை.

"சொல்லாதீங்கன்னா சொன்னீங்க. சொல்லுங்கன்னா சொல்ல மாட்டேங்கறீங்களே!"

"சும்மா பரிசோதனைக்குன்னுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினா யாசுயோ. 'போயிட்டு வர்றேன்'னா. நான் டிவியில பேஸ்பால் பாத்துக்கிட்டே 'ம்'னேன். திரும்பி வரவே இல்ல."

தொகாஷி அதற்குமேல் அவசரப்படுத்தவில்லை. கேமரா ஓடியது. குராமோச்சி மெல்லக் குனிந்தார்.

"போயிட்டு வா, யாசுயோ."

"போயிட்டு வர்றேன்," என்றது பிணம், தெளிவாக.

குராமோச்சி பெட்டியைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். யாசுயோ போனதிலிருந்து வராத அழுகை.

"அம்மா! நீங்களுமா?" என்று தொகாஷி துள்ளி எழுந்தார்.

மிசாவோ அம்மாவின் உதவிப் பெண் நொசோமி உதட்டில் விரல் வைத்தாள்.

"கத்தாதீங்க சார், அம்மா தூங்கறாங்க. அவங்க வீட்டுக்காரர் தினமும் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புவாரு. அவர் செத்து மூணு வருஷமாச்சு, தூக்கத்துல இன்னும் அவருக்குப் பதில் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க."