தாளித்த பெஸ்டோ

கைப்பேசியில் வீடியோ பார்த்துச் சமைக்கிறவனுக்கு எது கருகினாலும் தன்னம்பிக்கை மட்டும் கருகாது. வெந்நீர் வைக்கவே துணைக்கு ஆள் தேடுகிற நான், திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு, இத்தாலிக்காரர்கள் பேசில் இலையில் செய்யும் பெஸ்டோவை அரைக்கத் துணிந்தது அப்படித்தான்.

காரணம் ஸ்டெல்லா அக்கா. கன்னியர் மடத்தில் சேர்ந்து, இத்தாலியில் வயதான சிஸ்டர்களுக்குச் சமைத்துப்போடப் போனவள். போன விடுமுறைக்கு வந்தபோது அம்மாவின் மீன்குழம்புக் காரம் தாங்காமல், தினமும் தயிர்சோறு மட்டுமே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள். "என் கையால ஒரு வாய் துண்ணாம பூட்டாளே" என்று அம்மா நாள்கணக்கில் அழுதாள். இந்த முறை அக்கா ஒரு வேளையாவது வயிறாரச் சாப்பிட வேண்டும். அதற்கு இத்தாலிச் சாப்பாடுதான் வழி என்று முடிவெடுத்தேன். (பெரிய மேதாவி!)

பேசில் இலைக்கு அலையவில்லை. சப்ஜா விதை தரும் நம்ம திருநீற்றுப் பச்சிலைதான் அது என்றது வீடியோ. எதிர்வீட்டு வேலியோரம் மண்டிக்கிடந்தது. பைன் கொட்டைக்குப் பதில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. ஆலிவ் எண்ணெய் மெடிக்கலில்தான் கிடைத்தது. புட்டியின் மேல் படத்தில் ஒரு குழந்தை எண்ணெய் தேய்த்துக்கொண்டு சிரித்ததால், பேசாமல் மல்லாட்டை எண்ணெய்க்கே மாறினேன். பூண்டு, சீஸ் எல்லாம் போட்டு மிக்ஸியில் ஓட்டியதும் பச்சைப்பசேலென்று வந்தது. "கிட்ட வராதம்மா, இது வெளிநாட்டு ஐட்டம்" என்று அம்மாவை மிரட்டிவிட்டு, அக்காவை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தேன். வரும் வழியெல்லாம் அவளிடம் பீற்றல் வேறு.

அக்கா கைகழுவி உட்கார்ந்தாள். தட்டில் தோசை. கிண்ணத்தைத் திறந்தேன். கறுத்துப்போன பெஸ்டோவின் மேல் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, கிள்ளிப்போட்ட மிளகாய்.

"இன்னாம்மா பண்ணி வச்ச?"

"தொவையலத் தாளிக்காம வுட்டுட்டுப் போய்ட்டியேடா. அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்ற புள்ளைக்கு மொட்டையாவா வைக்கிறது?"

"மொத்தமும் பாழாப்போச்சு" என்று கத்தினேன். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

அதற்குள் அக்கா ஒரு விள்ளலைத் தோய்த்து வாயில் வைத்திருந்தாள். அவள் கண் கலங்கியது. அம்மா சர்க்கரை டப்பாவைத் தேடி ஓடினாள்.

"காரமில்லம்மா" என்றாள் அக்கா. "அங்க தெனம் நான்தான் இத அரைச்சிக்கினு இருக்கேன். என்னமோ கொறையுதுன்னு தோணும், இன்னான்னு தெரியாது. இதாம்மா அது. இன்னொரு தோசை போடு."

கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். அம்மா தோசை வார்த்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மிக்ஸி ஜாரைக் கழுவப் போய்விட்டேன். (வேறெங்கே போவது?)

திரும்பும்போது அக்காவின் பெட்டியில் கடுகும் உளுந்தும் போயின. இப்போது அந்த மடத்தில் தாளிக்காத பெஸ்டோவை யாரும் தொடுவதில்லையாம். பல் போன சிஸ்டர் ஒருவர் வீடியோ காலில் வந்து அம்மாவுக்கு முத்தம் பறக்கவிடுகிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இந்தக் கதையைச் சொல்லி, என்னைப் பார்த்துக்கொண்டே முடிப்பாள்:

"பாவம் அந்த இத்தாலிக்காரங்க, நல்லாதான் அரைக்கிறாங்க. தாளிக்கத்தான் தெரியல, எங்க புள்ளையாட்டம்."