மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி

கட்டடக்கலை படித்துவிட்டு வருகிறவர்களிடம் முதலில் மாட்டிக்கொள்வது சொந்தக்காரர்கள்தான். மற்றவர்கள், “இதுவரைக்கும் என்ன கட்டியிருக்கிறாய்?” என்று கேட்டுவிடுவார்கள். என்னிடம் மாட்டியவர் என் தாய்மாமா. பொங்கலூர்ப் பக்கம் விவசாயம் பார்த்தவர், திருப்பூரில் பனியன் கம்பெனி ஆரம்பித்து, இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஏற்றுமதியில் நன்றாகவே இருந்தார். பழைய ஆபீஸ் போதாமல், பக்கத்திலேயே புதிதாக ஒன்று கட்ட நினைத்தார்.

“ஏங்கண்ணு, பழைய ஆபீஸாட்டமே செங்கல்லுல கட்டி, வடக்கால ஜன்னல் வெச்சுட்டாப் போதுமல்லோ?” என்றார்.

அந்த ‘போதுமல்லோ’ எனக்குப் பிடிக்கவில்லை. நான் பெங்களூரில் சில மாதம் வேலை பார்த்து, கண்ணாடிக் கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கி வந்திருந்தேன். பொறுமையாக உட்கார்ந்து யோசிக்கிற வழக்கமும் கிடையாது (இப்போது மட்டும் இருக்கிறதா என்று என் கணவரைக் கேட்காதீர்கள்). ரோட்டைப் பார்த்த மேற்குச் சுவர் முழுக்கப் பச்சைக் கண்ணாடி என்று அன்றைக்கே வரைந்துவிட்டேன். இடையில் ஒரு ஜன்னல்கூட இல்லை. ஜன்னல் வைத்தால் கண்ணாடியின் அழகு கெட்டுவிடுமாம்.

“வெய்யலுக்கு என்ன கண்ணு பண்றது?”

“ஏசி இருக்குதுங்க மாமா.”

“கரண்டு போனா?”

“ஜெனரேட்டர் இருக்குதல்லங்க.”

படித்த பிள்ளை சொல்கிறது என்று மாமா தலையாட்டிவிட்டார்.

கட்டி முடித்து முதலில் வந்தவர் ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்க வந்த பையரம்மா. சந்தன நிற டீ-ஷர்ட் ஆர்டர், அந்த சீசனுக்கே மாமா நம்பியிருந்தது அது ஒன்றைத்தான். துணி சாயமேறி, தைத்து, தயாராக இருந்தது. முன்பே ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று அவர் பார்த்துச் சொன்னால் சரக்கு கப்பலேறும்.

பங்குனி மதியம். என் கண்ணாடிச் சுவரை ஒட்டிய மேஜையில் மாதிரித் துண்டையும் டீ-ஷர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். துண்டு சந்தன நிறம். டீ-ஷர்ட், வெந்த பீர்க்கங்காய்.

“நிறம் சேரவில்லை,” என்றார் ஆங்கிலத்தில்.

ஆர்டரைக் கவனிக்கும் ஜெபராஜ் திருநெல்வேலிக்காரர். என் காதருகே வந்தார். “மேடம், காலையில சாயப்பட்டறையில ரெண்டும் ஒண்ணாத்தான இருந்துச்சு. இங்க வந்ததும் துணி பாசி புடிச்ச மாதிரில்லா தெரியுது.”

என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தண்ணீர் கொண்டுவருவதுபோல் வெளியே போனேன், கொண்டுவராமல் திரும்பி வந்தேன். மேஜையைச் சுற்றினேன். மாமா அந்த டீ-ஷர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கரண்டு போனது.

ஜெனரேட்டர் ஓடத்தான் செய்தது, தையல் மெஷின்களுக்கு. ஏசியையும் அதில் சேர்க்க வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்தது. திரும்பிப் போக வழியில்லாமல் எங்களோடு உட்கார்ந்துகொண்டது.

“கண்ணு, ஜன்னலத் தொற,” என்றார் மாமா.

“தொறக்கறாப்பல ஜன்னலே இல்லீங்க மாமா.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

பையரம்மாவின் முகம் தக்காளியாகிவிட்டது. சட்டென்று எழுந்து, கைக்குக் கிடைத்த டீ-ஷர்ட்டால் விசிறிக்கொண்டே வெளியே நடந்தார். ஆர்டர் போய்விட்டது என்று நாங்களும் பின்னாலேயே ஓடினோம். பழைய ஆபீஸின் வடக்குச் சுவரோரம் நிழல் இருந்தது. அங்கே நின்று விசிறியவர், விசிறுவதை நிறுத்தினார். இன்னொரு கையிலிருந்த மாதிரித் துண்டை டீ-ஷர்ட்டின் மேல் வைத்துப் பார்த்தார்.

இரண்டும் ஒரே சந்தனம்.

சாயம் சற்று வேறாக இருந்தால், ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற துணிகள் இன்னொன்றில், உதாரணமாகப் பச்சைக் கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சத்தில், வேறாகத் தெரியும். இது பனியன் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கு ஆபீஸ் கட்டிக்கொடுத்தவளுக்குத் தெரியாது. பையரம்மா அங்கேயே, மாமாவின் கார் மேல் துணியை விரித்துப் பார்த்து, ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார்.

அவர் போன பிறகுதான் மாமா மூச்சு விட்டார். “உன்ற கண்ணாடி நம்மளக் கவுத்துச்சு. உன்ற வெக்கையே காப்பாத்தியும் உட்டுருச்சு.”

அடுத்த வருஷம் அந்தக் கண்ணாடியைக் கழற்றி, காற்றுப் போகிற மாதிரி செங்கல் சுவர் கட்டிக்கொடுத்தேன். கூலி கேட்கவில்லை (கேட்கிற முகமும் இல்லை).

பிறகு என் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனோம். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, கடைக்காரர் எடுத்துப் போட்ட ஒவ்வொரு பட்டுப் புடவையையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்த்தார். கடைக்காரர் முகம் மாறியது.

“தப்பா நெனச்சுக்காதீங்க,” என்றார் அத்தை. “எங்க ஊட்ல ஒரு இஞ்சினியர் இருக்குதுங்க. அது கட்டடம் கட்டினதுலருந்து நாங்க எந்தத் துணியையும் உள்ள வெச்சுப் பாக்கறதில்லீங்க.”

“அது யாருங்க, அந்த இஞ்சினியரு?”

அத்தை என்னைக் காட்டினார். “கல்யாணப் பொண்ணுதானுங்க.”